கனகாம்பரம்: கன்று உண்டாக்கும் முறையும் செய்கையும்

கனகாம்பரம் நம் வீட்டு வளவுகளில் நெடுங்காலமாக வளர்ந்துவரும் பூஞ்செடியாகும். கிணற்றடியில் வழிந்தோடும் நீரைக்கொண்டே வளர்ந்து, தனக்கெனப் பாத்தியும் பசளையும் வேண்டாமல் பூத்துக்கொண்டிருப்பதனால், இதனை ஒரு பயிராக மதிப்போர் சிலரே. எனினும், கோயில் திருவிழாக் காலத்திலும் கலியாண மாதங்களிலும் இதன் சரத்துக்குச் சந்தையிற் கேள்வி உண்டு. மரக்கறித் தோட்டம் செய்யும் கமக்காரர் ஓரிரு பாத்திகளில் இதனையும் வைத்துக்கொண்டால், கத்தரியும் தக்காளியும் விலை வீழ்ந்து கிடக்கும் நாட்களில் வீட்டுச் செலவுக்குச் சிறிது பணம் கிடைக்கும்.

ஆனால் இச்செடியைத் தோட்டத்துக்குள் கொண்டுவருமுன் ஒரு செய்தியை அறிந்துகொள்ளல் வேண்டும். கத்தரி, தக்காளி, வெண்டி, புகையிலை முதலியவற்றின் வேரைக் கெடுக்கும் வட்டப்புழுக்களுக்குக் கனகாம்பரத்தின் வேரும் விருப்பமான உணவாகும். இரவலாகவோ விலைக்கோ வாங்கிய கன்றின் வேரோடு ஒட்டிவந்த ஒரு பிடி மண், பூவுக்காக ஒதுக்கிய பாத்தியை மட்டுமன்றி, அதனை அடுத்துள்ள மரக்கறித் தறையையும் பல ஆண்டுகளுக்குக் கெடுத்துவிடலாம். ஆகையால் இச்செய்கையின் வெற்றி தோல்வி, கன்றை எங்கே, எவ்வாறு உண்டாக்குவது என்பதிலேயே பெரிதும் தங்கியிருக்கின்றது.

செடியின் இயல்பு

கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. தாவரநூலார் இதனைக் குரொசாந்திரா இன்பண்டிபுலிபோமிசு என்பர். பின்னுள்ள சொல்லுக்குப் புனல் போன்ற வடிவுடையது என்பது பொருள். ஆடாதோடை, நீர்முள்ளி, நிலவேம்பு என்பன இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. செடி ஏறக்குறைய 2 அடி முதல் 3 அடி வரை வளரும். இலைகள் கரும்பச்சை நிறமும் மினுமினுப்பும் உடையவை. கிளை நுனிகளிலும் இலைக் கக்கங்களிலும் பச்சைச் செதில்கள் அடுக்கிய கதிர்கள் தோன்றும். அச்செதில்களுக்கிடையிலிருந்து மெல்லிய குழாயின் மேல் ஒரு பக்கமாக விரிந்த சிறு விசிறியைப்போலப் பூ மலரும். கதிரில் அடியிலிருந்து நுனி நோக்கிச் சில சிலவாகப் பூக்கள் விரிவதனால், ஒரே கதிரிலிருந்து பல நாட்களுக்குப் பூப் பறிக்கலாம்.

பூவுக்கு மணமில்லை. அக்குறையை இதன் நிறமும் வாடாமையும் ஈடுசெய்கின்றன. காலையிற் கட்டிய மல்லிகைச் சரம் மாலையில் பழுப்பேறும்போது, அதனோடு சேர்த்துக் கட்டிய கனகாம்பரம் நிறம் மங்காதிருப்பதைக் காணலாம். நிறை மிகக் குறைந்த பூவாதலால், தொலைவிலுள்ள சந்தைக்கும் சிரமமின்றிக் கொண்டுசெல்லலாம்.

குளிரை இச்செடி தாங்காது. ஐரோப்பிய நாடுகளில் இதனைச் சாடியில் நட்டு வீட்டினுள்ளே வைத்தே வளர்க்கின்றனர். நம் நாட்டிலும், தை மாசியில் சில இரவுகளில் உறைபனி விழும் நுவரெலியாப் பகுதிக்கு இது ஏற்றதன்று. யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய வெப்பமான இடங்களில் ஆண்டு முழுவதும் வளரும். நல்ல வெயிலிலேயே மிகுதியாகப் பூக்கும். தென்னையின் கீழ் விழும் சிதறிய நிழலையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அடர்ந்த நிழலில் இலை பெருத்துக் கதிர் குறையும். இதற்கு வெயிலினும் குளிரினும் கொடிய பகை தேங்கும் நீரே. மாரியில் இரண்டு நாள் வெள்ளம் நின்ற பாத்தியில் செடி பிழைப்பது அரிது.

இனங்கள்

சாதாரணமாகக் காணப்படுவது செம்மஞ்சள் நிறப்பூ உடைய நாட்டினமாகும். மஞ்சள் நிறத்தனவும் சிவப்பு நிறத்தனவும் உண்டு. இவை விதை கட்டுவன. விதையாலும் தண்டாலும் பெருக்கலாம். ‘டெல்லிக் கனகாம்பரம்’ எனத் தமிழ்நாட்டில் வழங்கும் இனத்தின் பூ பெரியது, நிறமும் எடுப்பானது. ஆனால் இவ்வினம் விதை கட்டுவதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான செடிகளின் ஒவ்வொரு கலத்திலும் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். விதை உண்டாகும்போது அவை சரிபாதியாகப் பிரிகின்றன. டெல்லி இனத்தில் மூன்று தொகுதிகள் இருப்பதனால் சரிபாதியாகப் பிரிதல் இயலாது, விதையும் உருவாகாது. நாம் உண்ணும் வாழையினங்கள் பலவற்றில் விதையில்லாதிருப்பதற்கும் இதுவே காரணம். வாழையைக் குட்டி பெயர்த்து நடுவதுபோல, இவ்வினத்தைத் தண்டுத் துண்டங்களாலேயே பெருக்கல் வேண்டும். டெல்லிக் கனகாம்பர விதை என்று எவரேனும் விற்பாராயின் அது வேறினத்தின் விதையாகவே இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு யாத்திரை செல்வோர் ஈரத்துணியிற் சுற்றிய கன்றுகளைப் பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது நல்லதன்று. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து செடியோ மண்ணோ அனுமதியின்றிக் கொண்டுவருதல் குற்றமாகும். தமிழ்நாட்டின் கனகாம்பரத் தோட்டங்கள் வேர்ப்புண் வட்டப்புழுவாலும் வாடல் நோயாலும் மிகவும் நட்டமடைந்தவை என்பதை நினைவிற்கொண்டால், இச்சட்டத்தின் தேவை விளங்கும்.

வேரிலுள்ள பகை

வட்டப்புழு என்பது மண்புழுவைப் போன்றதன்று. வேர்முடிச்சு உண்டாக்கும் வட்டப்புழுவின் குஞ்சு அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த நீளமுடையது, வெறுங்கண்ணுக்குத் தோன்றாது. அது இளவேரின் நுனியைத் துளைத்து உட்புகுந்து ஓரிடத்தில் நிலைத்துவிடும். அவ்விடத்து வேர்க்கலங்கள் வீங்கி முடிச்சாகும். பெண்புழு அங்கேயே பேரிக்காய்போல் உருண்டு, வழவழப்பான ஒரு பசைக்குள் சில நூறு முட்டைகளை இடும். நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கும். 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பார்க்கிலி என்னும் அறிஞர் கண்ணாடி மனையில் வளர்ந்த வெள்ளரியின் வேரில் இம்முடிச்சுகளைக் கண்டு எழுதினார். அதன்பின் உலகின் வெப்ப நாடுகள் யாவற்றிலும், மிகப் பல பயிர்களில் இது கண்டறியப்பட்டுள்ளது.

வேர்ப்புண் வட்டப்புழு இன்னொரு வகை. அது ஓரிடத்தில் தங்காமல் வேரைக் குடைந்துகொண்டே செல்லும். அதனால் முடிச்சு தோன்றாது. வேரில் கறள் நிறமான வடுக்கள் தோன்றிப் பின் கறுக்கும். இவ்வகைப் புழுக்கள் ஏற்படுத்திய காயங்களின் வழியே பியூசேரியம் என்னும் பங்கசு உட்புகுந்தால் செடி விரைவில் வாடி மடியும். கமக்காரர் கண்ணிற் படுவது வாடிய செடி மட்டுமே. நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் இறைப்பர். அழிவு இன்னும் விரைவாகும்.

தாக்கப்பட்ட செடி குறுகி நிற்கும். இலைகள் சிறுத்து மஞ்சளிக்கும். கதிர்கள் குட்டையாகும். நண்பகலில் சோர்ந்து மாலையில் நிமிரும். பாத்தி முழுவதும் ஒரே சீராக இன்றி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக இவை காணப்படும். ஐயமுள்ள செடியை இழுத்துப் பிடுங்காமல், மண்வெட்டியால் சுற்றி வெட்டித் தூக்கி, வேரை நீரில் அலசிப் பார்க்க வேண்டும். பயறு, போஞ்சி முதலிய அவரையினப் பயிர்களின் வேரிலும் முடிச்சுகள் உண்டு. ஆனால் அவை நன்மை செய்வன. விரலாற் தேய்த்தால் உதிர்ந்துவிடும். வட்டப்புழுவின் முடிச்சோ வேரின் வீக்கமாதலால் உதிராது.

இப்புழு தானாக நெடுந்தூரம் செல்வதில்லை. ஆண்டொன்றில் சில அடி தூரமே மண்ணில் ஊர்ந்து செல்லக்கூடும். அதனை ஊரூராகக் கொண்டுசெல்வது மனிதரே. வேரோடு பிடுங்கிய கன்று, மண்வெட்டியில் ஒட்டிய மண், மேட்டுப் பாத்தியிலிருந்து பள்ளத்துப் பாத்திக்குப் பாயும் வாய்க்கால் நீர், இரவலாக வாங்கிய நாற்று ஆகியவையே அதன் வாகனங்கள். வாங்கிய கன்றின் வேரைக் கழுவிவிட்டால் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. வெளியே ஒட்டிய மண் நீங்கும். வேரினுள் இருக்கும் புழு நீங்காது.

ஒரு நிலத்தில் வட்டப்புழு உண்டா என்பதை அறியச் செலவில்லாத ஒரு வழி உண்டு. நிலத்தின் பல இடங்களிலிருந்து, வேர் ஓடும் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, மூன்று நான்கு சாடிகளில் இட்டு, ஒவ்வொன்றிலும் சுத்தமான மேடையில் வளர்ந்த ஒரு தக்காளி நாற்றை நடுக. ஐந்து ஆறு வாரம் நீர் ஊற்றி வளர்த்தபின் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால், முடிச்சு இருப்பதும் இல்லாததும் தெளிவாகத் தெரியும். முடிச்சு இருக்குமாயின் அந்நிலத்தில் கனகாம்பரம் வைத்தல் வீண். இரண்டு மூன்று ஆண்டு நிற்கும் செடியாதலால், அவ்வளவு காலமும் புழுவுக்கு இடைவிடாது உணவளித்ததாகவே முடியும். அத்தகைய நிலத்தில் சணலை விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழுதலும், நிலக்கடலை அல்லது எள்ளுச் செய்தலும் புழுவைக் குறைக்க உதவும். மண்ணில் நச்சு மருந்து இட்டுப் புழுவை ஒழிக்க முயல்வது, குடிநீர்க் கிணறும் தோட்டக் கிணறும் அருகருகே உள்ள நம் ஊர்களுக்கு ஏற்றதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கற்பாறையினூடே மேலே இட்டது விரைவில் கீழிறங்கி நிலத்தடி நீரை அடையும்.

நெற்செய்கையாளருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. நெல்லின் வேரைத் தாக்கும் வேறொரு வகை இருப்பினும், கத்தரியையும் தக்காளியையும் கெடுக்கும் வகை நீர் தேங்கிய வயலில் நெடுநாள் உயிர்வாழ்வதில்லை. ஆகவே காலபோக நெல் அறுத்த வயல்மண், கன்று வளர்ப்பதற்குத் தோட்ட மண்ணிலும் பாதுகாப்பானது. களிப்பாக இருப்பதனால் தனியே பயன்படாது; வயல்மண், ஆற்றுமணல், நன்றாக மக்கிய கூட்டெரு மூன்றையும் சம அளவிற் கலந்து அரித்துக்கொண்டால் சிறந்த கலவையாகும். அறுவடையும் நாற்றுமேடை போடும் காலமும் தை மாதத்தில் ஒன்றுசேர்வது நல்வாய்ப்பே.

விதையிலிருந்து கன்று

முற்றிய காய் ஈரம் பட்டவுடன் வெடித்து விதையைத் தூர வீசும். சிறுவர்கள் நீரிற் போட்டு வெடிக்கவிட்டு விளையாடும் காட்டுச் செடிக்காய் ஒன்றுண்டு. அதுவும் இதே குடும்பம். விடியற்காலைப் பனியிலோ சிறு தூறலிலோ விதை முழுவதும் சிதறிப்போகுமாதலால், கதிர் வைக்கோல் நிறமாகியதும் ஈரமில்லாத நண்பகலில் அதனை வெட்டித் துணிப்பையில் இடல் வேண்டும். பின்னர் கதிர்களை ஒரு பானையிலிட்டுச் சிறிது நீர் தெளித்து மூடிவைத்தால், உள்ளேயே படபடவென வெடித்து விதை அடியிற் சேரும். ஒவ்வொரு காயிலும் நான்கு விதைக்கு மேல் இராது. விதையை நிழலில் உலர்த்திக் கடதாசிப் பையில் வைத்து, அடுத்து வரும் பருவத்திலேயே விதைத்துவிட வேண்டும்.

வட மாகாணத்தில் தை மாதத்தில் மேடை போடுவது பொருத்தமானது. கடும் மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் முதிர்ந்திராது. தையில் விதைத்து இரு மாதக் கன்றைப் பங்குனியில் நட்டால், நட்ட இரண்டு மூன்று மாதங்களில் பூ வரத்தொடங்கி, ஆடி ஆவணியில் செடி நிறைந்து பூக்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா அக்காலத்திலேயே நிகழ்கின்றது; பூவின் விலை உயர்ந்து நிற்பதும் அக்காலமே. சித்திரைக்குப் பின் நட்டவர் அவ்வாய்ப்பை இழப்பர்.

நாற்றுமேடையை நிலத்துக்கு மேல் 6 அங்குல உயரமாகவும், இருபக்கமிருந்தும் கை எட்டத்தக்கதாக 3 அடி அகலமாகவும் அமைக்க. மேடையை நனைத்து, அதன்மேல் உலர்ந்த வைக்கோலை 2 அங்குலம் பரப்பி, அதன்மேல் உமியை 2 அங்குலம் பரப்பி, மீண்டும் ஒருமுறை அவ்வாறே அடுக்கி, காற்று வீசும் திசைக்கு எதிராக மெல்ல எரியும்படி தீமூட்டுக. சுவாலைவிட்டு விரைந்து எரிந்தால் வெப்பம் மேலே போய்விடும். புகைந்து புகைந்து எரிந்தாலே மண்ணினுள் இறங்கும். வட்டப்புழுவும், நாற்றழுகல் நோயின் பங்கசும், களை விதையும் மேல்மண்ணில் இதனால் அழியும். சாம்பலைக் கொத்திக் கலந்து, மேடை ஆறியபின் விதைக்கலாம். வெயிற்காலத்தில் மேடை போடுவோர், ஈரமான மண்ணின் மேல் நிறமற்ற பொலித்தீன் தாளை இறுக விரித்து, ஓரங்களை மண்ணிட்டு மூடி, 4 முதல் 6 வாரம் விட்டுவைத்தாலும் இப்பயனைப் பெறலாம். மாரி கழிந்த உடனே இம்முறை போதிய வெப்பம் தராது. ஐம்பது கன்று மட்டும் வேண்டுவோருக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. சாடியிலுள்ள கலவையில், அடியிலுள்ள துளை வழியே ஆவியோடு வெளிவரும் வரை கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் போதும்.

விதையை 3 அங்குல இடைவெளி உள்ள கோடுகளில் ஐதாகத் தூவி, விதையின் கன அளவுக்கே மணலால் மூடுக. ஆழமாகப் புதைத்தால் முளை வராது. மேலே மெல்லிய வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். முளைப்பு மெதுவானது, இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். மிளகாய், கத்தரி விதைத்துப் பழகியவர்கள் பத்தாம் நாளில் மேடையைக் கிளறிப் பார்த்து விதை கெட்டதென்று கைவிடுவதுண்டு, பொறுத்திருத்தல் வேண்டும். முளைத்ததும் வைக்கோலை நீக்கி, நண்பகல் வெயிலுக்கு மட்டும் கிடுகால் நிழல் செய்க. மாலையில் மேடை ஈரமாக இருக்கும்படி விட்டால் நாற்றழுகல் பரவும்; காலையிலேயே நீர் விடுதல் நன்று.

தண்டுத் துண்டத்திலிருந்து கன்று

விதையிலிருந்து வந்த கன்றுகள் எல்லாம் ஒரே தன்மையாயிரா. சில முந்திப் பூக்கும். சிலவற்றின் கதிர் நீண்டிருக்கும். முதலாண்டில் செடிகளைக் கவனித்து, மிகுதியாகப் பூக்கும் பத்துப் பன்னிரண்டு செடிகளில் நாடா கட்டி அடையாளமிட்டு, அவற்றிலிருந்து துண்டம் வெட்டிக்கொண்டால் இரண்டாமாண்டுப் பாத்தி ஒரே சீராக அமையும்.

வட்டப்புழுவுக்கு அஞ்சுவோருக்கும் இதுவே சிறந்த வழியாகும். வேர்ப்புழு மண்ணிலும் வேரிலும் வாழ்வதேயன்றித் தண்டின் நுனியில் இருப்பதில்லை. எனவே வேர் கெட்ட நிலத்தில் நிற்கும் ஒரு நல்ல இனத்தைக்கூட, மண் படாத உயரத்தில் நுனி வெட்டி, புதுமணலில் வேர்விடச் செய்து காப்பாற்றலாம். வாடல் நோய்கண்ட செடிக்கு இது பொருந்தாது. அப்பங்கசு தண்டின் குழாய்கள் வழியே மேலேறும். அத்தகைய செடியை வேரோடு அகழ்ந்து எரித்துவிடுதல் வேண்டும்.

பூக்கதிர் இல்லாத, முற்றாமலும் மிகப் பிஞ்சாகாமலும் உள்ள கிளை நுனியைத் தெரிந்துகொள்க. வளைத்தால் நாராகத் தொங்குவது பிஞ்சு. முறியாமல் விறைத்து நிற்பது முற்றல். சடக்கென முறிவதே ஏற்றது. 3 அல்லது 4 அங்குல நீளத்தில், கணு ஒன்றுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுக. காலை வேளையில் வெட்டி ஈரச்சாக்கில் வைத்திருக்க வேண்டும். கீழ் இலைகளை நீக்கி, மேலிருக்கும் இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டால் நீர் ஆவியாதல் குறையும். வேர் வருவிக்கும் ஓமோன் தூள் கடைகளில் உண்டு; தொட்டு நட்டால் வேர் சிறிது விரைவாக வரும்; இல்லாவிடினும் கனகாம்பரம் வேர்விடும்.

நடுவதற்குப் பருமனான ஆற்றுமணல், அல்லது மணலும் தும்புத்தூளும் சமமாகக் கலந்தது ஏற்றது. கடல்மணலில் உப்பிருப்பதனால் ஆகாது. எருவும் இடலாகாது, வேரில்லாத துண்டுக்கு எரு உணவன்று, வெட்டுவாயை அழுகச்செய்யும். ஈர்க்காற் துளையிட்டு, ஒரு கணு மணலுக்குள் இருக்கும்படி செருகி விரலால் அழுத்துக. ஈர்க்குகளை வளைத்து ஊன்றி, மேலே நிறமற்ற பொலித்தீன் தாளை மூடி, நிழலில் வைத்தால் உள்ளே ஈரப்பதன் நிலைக்கும். நாள்தோறும் சிறிது நேரம் தாளைத் திறந்து காற்றுப் புகவிடல் வேண்டும். அழுகிய துண்டையும் உதிர்ந்த இலையையும் உடனே அகற்ற வேண்டும். ஏறக்குறைய 3 அல்லது 4 வாரத்தில் வேர்விடும். மெல்ல இழுத்தால் இழுவைக்கு வராது நிற்பதும், நுனியிற் புதுத்தளிர் தோன்றுவதும் அடையாளம். அதன்பின் முன்கூறிய வயல்மண் கலவை நிரப்பிய பொலித்தீன் பைகளுக்கு மாற்றி, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, ஒரு மாதத்தின்பின் நடலாம். தோகைமழை பெய்யும் மாரியில் துண்டங்கள் மிகுதியும் அழுகும். மாசி முதல் வைகாசி வரை எளிதில் வேர்விடும்.

நடுதலும் பேணலும்

வரிசைக்கு வரிசை 2 அடியும், செடிக்குச் செடி 1 அடியும் இடைவெளி விட்டு, வாய்க்காலுக்கு இடையே உயர்த்திய வரம்பில் நடுக. 20 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள துண்டில் 200 செடிகள் நிற்கும். அடியெருவாக இத்துண்டுக்கு 90 கிலோகிறாம் அளவில் மக்கிய மாட்டெருவும், குழிதோறும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போதும். பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டெருவை அடியிலிட்டு மண் அணைக்க. யூரியாவை அளவின்றி இடுவோர் பச்சை இலையையே அறுவடை செய்வர். சீமைக்கிளுவை, பூவரசம் குழைகளை வரிசைக்கிடையே பரப்பினால் ஈரமும் காக்கும், உக்கிப் பசளையுமாகும். கோடையில் செம்மண் நிலத்துக்கு ஐந்து ஆறு நாளுக்கு ஒருமுறையும், மணற்பாங்கான நிலத்துக்கு இன்னும் அடுத்தடுத்தும் இறைப்பு வேண்டும். உவர்நீர்க் கிணறுள்ள இடத்தில் இலை ஓரம் கருகும். அங்கே இப்பயிரைத் தொடங்காதிருப்பதே நன்று.

இலை மஞ்சளித்தவுடன் வட்டப்புழு என்று முடிவுசெய்துவிடலாகாது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் வேரால் இரும்புச் சத்தை எடுக்க இயலாமையாலும் மஞ்சளிக்கும். வேறுபாடு எளிது. இரும்புக் குறைவானால் நுனியிலுள்ள இளம் இலைகளே முதலில் வெளிறும். நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரியும். பாத்தி முழுவதும் ஏறக்குறைய ஒருபடித்தாகக் காணப்படும். இதற்கு லீற்றர் ஒன்றுக்கு 5 கிறாம் அன்னபேதியைக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்கச் சில நாட்களில் பசுமை திரும்பும். தெளித்தும் திரும்பாவிட்டால் வேரை அகழ்ந்து பார்க்க வேண்டியதுதான்.

வெள்ளை ஈ, அழுக்கணவன், வெண்மூட்டுப்பூச்சி ஆகியவை வறண்ட காலத்தில் வரும். தொடக்கத்திலேயே தாக்கிய நுனிகளைக் கிள்ளி அழித்து, சவர்க்கார நீரோ வேப்பெண்ணெய்க் கரைசலோ தெளித்தால் அடங்கும். பூவைக் கூந்தலிற் சூடுகின்றார்கள் என்பதை நினைந்து, கொடிய மருந்துகளை விலக்குதல் வேண்டும்.

பூ எடுத்தல்

நன்றாக விரிந்த பூவை ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். கதிரைப் பிடித்துக்கொண்டு பூவை மட்டும் மெல்ல இழுத்தால் குழாயோடு வந்துவிடும். கதிரை ஒடித்தால் இனி வரவிருக்கும் பூக்கள் இழக்கப்படும். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் புதுக்கிளையும் புதுக்கதிரும் விரைவில் தோன்றும். பறித்த பூவை ஈரம் உலர்ந்த ஓலைப்பெட்டியில், வாழையிலை விரித்து இடுக. நீர் தெளித்துப் பொலித்தீன் பையில் அடைத்தால் புழுங்கிக் கறுக்கும்.

இச்செய்கையில் மிகப் பெரிய செலவு பூப்பறிக்கும் கைகளே. பூ சிறிது, ஒரு பெட்டி நிரம்ப நெடுநேரம் செல்லும். 200 செடியை வீட்டிலுள்ள இருவர் பாடசாலை நேரத்துக்கு முன் பறித்துவிடலாம்; 2000 செடிக்குக் கூலியாள் வைத்தால் வருமானத்தின் பெரும்பகுதி கூலியாகவே போய்விடும். சந்தையும் பெரியதன்று. ஓர் ஊரில் பலர் ஒரேமுறையிற் செய்தால் திருவிழா அல்லாத நாட்களில் சரத்துக்கு விலையிராது. மிளகாயையும் வெங்காயத்தையும் கைவிட்டு இதனைச் செய்ய முற்படுவது தகாது. தோட்டத்தின் ஓர் ஓரத்தில், மரக்கறிப் பாத்திக்கு நீர் பாயும் வாய்க்காலின் மேற்பக்கத்தில் அல்லாமல் கீழ்ப்பக்கத்தில், வீட்டாரின் கைக்கு அடங்கிய அளவில் வைத்துக்கொள்வதே ஏற்றது. கீழ்ப்பக்கம் என்பதற்குக் காரணம் முன்னரே கூறப்பட்டது: என்றேனும் புழு புகுந்தாலும் வாய்க்கால் நீர் அதனைக் கத்தரிக்குக் கொண்டுசெல்லாது.

இரண்டு மூன்று ஆண்டுகளில் செடி முதிர்ந்து கதிர் குறையும். மாரி முடிந்தவுடன் நிலத்திலிருந்து 8 அங்குலம் விட்டுக் கவாத்துச் செய்தால் இன்னும் ஓராண்டு பலன் தரலாம். வெட்டிய நுனிகள் கன்றுக்கு உதவும். அதன்பின் வேரோடு அகழ்ந்து, வேர்களைப் பாத்தியில் விடாமற் பொறுக்கி எரித்து, அவ்விடத்தில் ஒரு போகம் சணலோ எள்ளோ விதைக்க வேண்டும். புதிய கனகாம்பரப் பாத்தியை வேறிடத்திலேயே அமைக்க. அகழ்ந்த மண்வெட்டியை அடுத்த பாத்திக்குக் கொண்டுசெல்லுமுன் கழுவி வெயிலிற் காயவைத்தல் வேண்டும்.